கூரை தொடாத சுவர்

இந்த நாட்டில் சுவர்கள் கூரை வரை போகின்றன. வந்து இத்தனை வருடமான பிறகும் எனக்கு இது பழகவில்லை. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமலே சோற்றைத் தின்று முடித்துவிட முடிகிறது. யார் இருமுகிறார், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார், எந்தப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது, ஒன்றும் இந்தப் பக்கம் வருவதில்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பலகைக்கு அந்தப் புறம் உலகம் இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். கடவுள் விஷயத்திலேயே எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இலங்கையில் எங்கள் ரப்பர் தோட்டம் வரக்காப்பொலையில் இறங்கி உள்ளே போகும் பாதையில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பை லயம் என்போம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா; லயத்தில் எல்லாக் காம்பராக்களும் ஒரே நீளத் தகரக் கூரையின் கீழ்தான். கட்டிய வெள்ளைக்காரனுக்குச் செங்கல் போதவில்லையோ மனம் போதவில்லையோ, காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டுப் போய்விட்டான். சுவர் முடிந்து தகரம் தொடங்கும் வரைக்கும் இருந்த அந்த இடைவெளியில்தான் நாங்கள் வளர்ந்தோம். அடுப்புப் புகை அந்த வழியாகப் போகும், வசவு வரும். முக்கியமாகக் கறிக் கிண்ணம் போய் வரும். வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது உபசாரம். பெட்டியின் மேல் ஏறிச் சுவருக்கு மேலால் நீட்டினால்தான் உறவு. கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது என்பது எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டங்கள் எல்லாம் தொரையின் பங்களாவில் இருந்தன.

ஆகவே கனடாவின் ஹமில்டன் நகரத்து அடுக்குமாடியில், கொரோனா தொடங்கிய வசந்த காலத்தில், பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் யாரோ தட்டும் சத்தம் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. பிரஷர் குக்கரில் பருப்பு விசிலடித்துக்கொண்டிருந்தது. லயத்தில் ஒருவர் தட்டினால் பதில் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை இல்லை. நானும் கரண்டிக் காம்பால் தட்டினேன். அவர்கள் பலமாகத் தட்டினார்கள். நான் இன்னும் பலமாக, கொஞ்சம் தாளத்தோடு தட்டினேன். அடுத்த நாள் லிஃப்ட் வாசலில் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு நீலக் கண்கள் என்னை நிறுத்தின. அவர் பெயர் யாத்விகா. எங்கள் தோட்டத்தில் இப்போது பிறக்கும் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர் போல இருந்தாலும், ஆள் எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் போலந்து நாட்டு விதவை. விசில் சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் தட்டியதாகவும், நான் பதிலுக்குச் சண்டைக்கு வந்ததாக நினைத்துப் பயந்துபோனதாகவும் சொன்னார். நான் எங்கள் ஊர்ச் சுவரைப் பற்றி விளக்கினேன். எங்கள் இருவரின் ஆங்கிலமும் கைத்தடி இல்லாத இரண்டு கிழவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. போக வேண்டிய இடத்துக்குப் போகும், ஆனால் நேரமெடுக்கும். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் ஒரு முறை தட்டுவார், நான் ஒரு முறை தட்டுவேன். இரண்டு பேரும் உயிரோடிருக்கிறோம் என்று அர்த்தம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளில் சாமான் அடுக்குகிறேன். நிறைய வாசித்ததில் கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன்; கேட்பவர்கள் என் தலையின் முன்பகுதியைப் பார்த்துவிட்டு வேறு காரணத்தை ஊகித்துக்கொள்வார்கள். அந்த வருடம் அரசாங்கம் என்னை அத்தியாவசிய ஊழியர் என்று அறிவித்தது. எங்கள் வம்சத்தில் இப்படியொரு பட்டம் யாருக்கும் கிடைத்ததில்லை என்று பெருமையோடு லயத்தில் இருக்கும் அக்கா பவளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நாடு முழுக்க ஊரடங்குச் சட்டமாம், தோட்டத்தில் மட்டும் வழக்கம்போல வேலையாம், அவளையும் அத்தியாவசியம் என்று சொல்லித்தான் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்ட அனுப்புகிறார்களாம். அத்தியாவசியமானவர்களை வீட்டில் இருக்க விடுவதில்லை என்ற விஷயத்தில் இரண்டு நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடையில் ரப்பர் கையுறையை இழுத்து மாட்டும்போதெல்லாம், இந்தப் பால் எங்கள் அக்கா வெட்டிய மரத்தில் வடிந்ததாக இருக்குமோ என்று யோசிப்பேன். கையுறை கிழிந்தால் அவளைத் திட்டவும் செய்வேன்.

அக்காவுக்கு ஒரே மகள், யசோதா. அவளுடைய அப்பா இறந்து நாளாகிவிட்டது. அவளுக்கு நிவித்திகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவனைப் பேசியிருந்தார்கள். பெயர் ரமேஷ். கொழும்பில் புடைவைக் கடையில் வேலை. தை மாதம் முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வருவது தாய்மாமன். அப்பா இல்லாத பெண்ணுக்கு அது இன்னும் கனமான வேலை. எனக்கோ அது கனம் மட்டுமல்ல, சந்தர்ப்பமும்கூட. கல்யாணமாகாத ஆளுக்குச் சபையில் வேறு வேடம் கிடைக்காது. மாப்பிள்ளையாக வயது போய்விட்டது, மாமனாராக முகாந்திரமில்லை. மிச்சமிருந்த ஒரே பாத்திரம் தாய்மாமன். அதற்காக யசோ பிறந்த நாளிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

குளிர்காலத்துக்கு முன்பே பயணச்சீட்டு எடுத்தாயிற்று. சூட்கேசும் கட்டியாயிற்று. பட்டு வேட்டி, சால்வை, யசோவுக்குச் சேலை, லயத்துப் பிள்ளைகளுக்குச் சாக்லேட், தோட்டம் முழுவதையும் கழுவப் போதுமான சானிடைசர். தமிழ்க் கடையில் வேட்டி வாங்கியபோது கடைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், அன்பாகத்தான் கேட்டார்: "அண்ணை ஊரிலை எவடம்?" எங்கள் மாவட்டமான கேகாலையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?" என்றார். இருக்கிறோம் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் வேட்டியைப் பத்திரமாகச் சுற்றிக் கொடுத்தார்.

பிறகு ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. ஊரில் விமான நிலையம் திறப்பதாகச் சொன்னார்கள், பிறகு சொன்னது தாங்கள் இல்லை என்றார்கள். பயணச்சீட்டு ஒருமுறை தள்ளிப்போனது, மறுமுறை ரத்தானது. நாடு திரும்புவோருக்கான விசேட விமானத்தில் இடம் கேட்டுப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். கிடைத்தாலும் இறங்கியதும் இரண்டு கிழமை, பதினான்கு நாள், ஹோட்டல் அறையில் பூட்டி வைப்பார்கள், அதற்குள் கல்யாணம் முடிந்துவிடுமா என்று விரல்விட்டுப் பார்ப்பதும், மறுபடி முதலிலிருந்து பார்ப்பதுமாக மார்கழி போனது. காலையில் எழுந்ததும் காய்ச்சல்மானியை வாயில் வைப்பேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தொலைபேசியில் அவள் பேசுவதைக் கேட்கமாட்டேன், பேச்சுக்கு நடுவே மூச்சு எப்படி வாங்குகிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். சூட்கேஸ் வாசலோரமாகவே நின்றது. ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் அதைத் திறந்து ஒரு சாக்லேட் எடுத்தேன். நத்தாருக்குள், அதாவது கிறிஸ்துமசுக்குள், லயத்துப் பிள்ளைகளின் பங்கில் பெரும்பகுதி என் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துவிட்டது.

நத்தார் நெருங்கியபோது இந்த மாகாணத்தில் புதிய விதி சொன்னார்கள். விருந்து கூடாது, உறவினர் கூடாது, ஒவ்வொரு வீடும் அந்தந்த வீட்டோடு. தனியாக வாழ்பவர்கள் மட்டும் இன்னொரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம். விதி வந்த அன்று சுவரில் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. கதவைத் திறந்தேன். தாழ்வாரத்தில் ஆறடி தள்ளி நின்று யாத்விகா கேட்டார்: நீ தனியாகத்தானே இருக்கிறாய்? நான் ரோஷத்தோடு இல்லை என்றேன். எனக்கு அக்கா இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், ஒரு லயம் நிறையச் சொந்தம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் என்றார். இந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டேன். அப்படியென்றால் நத்தாருக்கு முதல்நாள் சாப்பிட வா என்றார்.

போலந்துக்காரர்களுக்கு நத்தாருக்கு முதல்நாள் மாலைச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. இறைச்சி கிடையாது; மேசைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். மெல்லிய அப்பளம் மாதிரி ஒன்றை ஒருவர் கையிலிருந்து ஒருவர் உடைத்துத் தின்று வாழ்த்துவார்களாம். அந்த வருடம் அவர் அதை முன்னதாகவே உடைத்து, இடுக்கியால் எடுத்து, தனித்தனித் தட்டில் வைத்திருந்தார். நான் முகக்கவசத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே தவித்தேன். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என் தோளை உரசிக்கொண்டு தக்காளிச் சோஸ் எடுக்கிறார்கள் என்பது எனக்குத்தானே தெரியும். இந்த மனுஷிக்கு என்னால் ஏதாவது வந்தால்? ஜன்னல் பக்கமாகத் திரும்பி மூச்சுவிட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் இருந்த தட்டுக்கு முன்னால் நானாகவே உட்கார்ந்தேன். எந்த நாட்டிலும் நான் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அவர் எழும்பச் சொன்னார். "அது எதிர்பாராமல் வருகிறவருக்கு. ஒவ்வொரு வருடமும் ஒரு தட்டு அப்படி வைப்போம். நீ எதிர்பார்த்தவன். இங்கே வா." ஜன்னலோரத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அது அவருடைய மகன் மாரெக் உட்காரும் நாற்காலி. மாரெக் தூர மேற்கில் எண்ணெய்க் கிணறுகள் பக்கம் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு நத்தாருக்கும் வருபவன், அந்த வருடம் வரவில்லை. வரக்கூடாது என்று அம்மாவேதான் சொல்லியிருந்தார்.

பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது மாரெக் வீடியோவில் வந்தான். என் வயதுதான் இருக்கும். அம்மா டேப்லெட்டை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்து, போலந்து மொழியில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் கடவுச்சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்களே, அது. கடையில் வேலையாமே, நிறையப் பேர் வருவார்களா என்று கேட்டான். முகக்கவசம் போடுவேன் என்றேன். நல்லது என்றான். கொஞ்சநேரம் அம்மாவோடு பேசிவிட்டு, போகும்போது என்னிடம், "அந்த நாற்காலியின் பின்கால் கொஞ்சம் ஆடும். கவனம்," என்றான்.

நாற்காலி ஆடவே இல்லை. எனக்குச் சுருக்கென்று ஏறியது. எழும்பு என்பதை எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறான் பார் என்று மனதுக்குள் பொருமினேன். அடுத்த ஒரு கிழமை முழுக்க, பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஆங்கிலத்தில் தயாரித்தேன். மிகச் சிறந்த பதில்கள். இலக்கணமும் சுத்தம். ஆனால் கேட்க ஆளில்லை.

பொங்கல் வந்தது. கொழும்பிலிருந்து யாரும் தோட்டங்களுக்கு வரவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்களாம். அப்படியும் வருகிறவர்கள் வந்தார்கள். பண்டிகைக்கு லயத்துக்குத் திரும்பாவிட்டால் கொழும்பில் எதற்காக உழைக்கிறோம் என்பதே பலருக்கு மறந்துவிடும். மாப்பிள்ளை ரமேஷ் கூறைச் சேலையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்புவதாகத்தான் வந்தான். வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பான். ஆனால் பொங்கல் நாளில் வருங்கால மருமகனைச் சாப்பிடாமல் அனுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. நடந்ததை அவள் எனக்கு விவரித்தபோது அழுதுகொண்டே சிரித்தாள், இடையிடையே மூச்சு வாங்கியது. நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து, சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் பி.எச்.ஐ. மாத்தயா என்று கூப்பிடும் சிங்கள மனிதர், இரண்டு பொலிஸ்காரர்களோடு லயத்துக்கு வந்துவிட்டார். பக்கத்துக் காம்பரா ராணியக்காவின் மகனுக்குக் கொரோனா. அவனும் கொழும்பிலிருந்து வந்தவன். அவனை ஆம்புலன்சில் ஏற்றியாயிற்று, இனி அந்தக் காம்பராவை மட்டும் மூடப்போகிறார். கடமைக்காக அக்காவின் வாசலிலும் நின்று, அந்த வீட்டோடு ஏதாவது போக்குவரத்து உண்டா என்று கேட்டிருக்கிறார். அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஐயோ இல்லீங்க மாத்தயா, நாங்க அந்தப் பக்கம் எட்டியும் பாக்குறது இல்லீங்க," என்றாளாம். அவள் சொல்லி வாய் மூடவில்லை. சுவருக்கு மேலால் வளையல் போட்ட ஒரு கை நீண்டு, "இந்தா பவளம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சக்கரைப் பொங்கல்," என்று கிண்ணத்தை நீட்டியிருக்கிறது. ராணியக்காவைக் குறை சொல்லவும் முடியாது. மகனைக் கொண்டுபோன கலக்கத்தில், காலையில் வடை வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது மட்டும்தான் அந்த மனுஷிக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

மாத்தயா கிண்ணத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, சுவர் முடியும் இடத்தையும் தகரம் தொடங்கும் இடத்தையும் பார்த்தார். கூரையடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, பொலிஸ்காரர்களிடம் முழு லயத்தையும் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். வெள்ளைக்காரன் மிச்சம் பிடித்த செங்கலுக்கு என் மருமகளின் கல்யாணம் ஈடாகப் போயிற்று. இரண்டு கிழமைக்கு உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது. முகூர்த்தம் அந்த இரண்டு கிழமைக்குள். மாப்பிள்ளை கயிற்றுக்குள்.

தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையைப் பெண் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? அவனைக் கோடிக் காம்பராவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருப்பவன் சோமே. சோமபால என்பது முழுப்பெயர். தோட்டத்து லொறி ஓட்டுபவன், சிங்களவன், எங்கள் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன். வெட்டிய மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து, நூல்கண்டு மாதிரிச் சுற்றி, கூரைவரை துள்ளும் பந்து செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தவன். அந்தப் பந்து சுவருக்கு மேலால் பக்கத்துக் காம்பராக் குழம்பில் விழுந்தால் அடி வாங்குவது நான், ஓடித் தப்புவது அவன்.

ஊரில் சிக்கல் முற்றியது. மாப்பிள்ளையின் அம்மா நிவித்திகலையிலிருந்து தொலைபேசியில், ஒத்திப்போடலாம் என்றாள். எங்கள் பக்கம் ஒத்திப்போடுவது என்றால் என்ன என்பது வாசிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். லயத்தில் கொரோனா, கல்யாணத்துக்கு முன்பே தடங்கல், பெண்ணுக்கு ராசி எப்படியோ என்று பேச்சு கிளம்பிவிட்டது. கயிறு அவிழ்ந்ததும் ரமேஷ் கடைக்குத் திரும்ப வேண்டும். மறுபடி எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. கயிற்றுக்குள் இருப்பவர்களை வைத்தே முகூர்த்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று மாத்தயாவே மனமிரங்கிச் சொல்லிவிட்டார். தடையாக நின்றது கொரோனா இல்லை, நான். தம்பி வராமல் பிள்ளையை மணவறையில் உட்காரவைக்க மாட்டேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். விமான நிலையம் திறக்கட்டும், தம்பி வரட்டும், அதுவரை இருக்கட்டும் என்றாள்.

எனக்கு உள்ளூர இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆள் இல்லாவிட்டால் காரியம் நின்றுபோகும் அளவுக்கு நான் யாருக்காவது முக்கியமாக இருக்கிறேன் என்பது, தக்காளிச் சோஸ் அடுக்குகிறவனுக்குச் சாதாரண விஷயமில்லை. அரசாங்கம் கொடுத்த அத்தியாவசியப் பட்டத்தைவிட அக்கா கொடுத்தது பெரிது. அந்த இனிப்பிலே ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லாமல் இருந்தேன். மறுநாள் யசோ தனியாகத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பிள்ளை என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"மாமா, அம்மா நீங்க வரணும்னு நிக்கிறாங்க. நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இப்ப விட்டா அவங்க அம்மா மனச மாத்திருவாங்க மாமா. நீங்க சொன்னாத்தான் எங்க அம்மா கேப்பாங்க. நீங்க கோவிச்சுக்கமாட்டீங்கன்னா சொல்லுங்க."

சூட்கேசைத் திறந்தேன். சாக்லேட் தீர்ந்திருந்தது.

அக்காவோடு பேசினேன். நான் இல்லாமல் நடக்கட்டும் என்று சொல்ல எனக்கு மூன்று தரம் தொண்டையைச் செருமவேண்டியிருந்தது. அவள் எனக்குக் கொரோனா என்று பயந்துவிட்டாள். அழுதாள், திட்டினாள், கடைசியில் வேறு கேள்வி கேட்டாள்: அப்படியென்றால் யார் கையைப் பிடிப்பது? அங்கேதான் சங்கடம். லயத்தில் கயிற்றுக்குள் இருந்த ஆண்கள் எல்லோரும் அக்காவின் கணவர் வழிச் சொந்தம். கொழுந்தன் முறை, மாமன் முறை. தாய்மாமன் என்று நிற்பவன் அக்காவுக்குத் தம்பியாக வேண்டும். அந்த லயத்தில் அவளைப் பிறந்ததிலிருந்து அக்கா என்று கூப்பிட்ட ஆண் ஒருவன்தான் இருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனை நினைத்தோம்.

"சோமேயா?" என்றாள் அக்கா.

"அவன்தான் இருக்கான்," என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் செய்தி போனபோது, சிங்கள ஆள் கையைப் பிடித்துப் பெண் மணவறைக்கு வருவதா என்று கேட்டாளாம். சோமே தானே தொலைபேசியை வாங்கிப் பேசியிருக்கிறான். "ஏன் அம்மா, இந்தப் புள்ளைய தோள்ல தூக்கிட்டு நான் ஸ்கூலுக்குப் போனப்ப ஒருத்தரும் ஜாதி கேக்கலியே. இப்ப ஒங்க மகன் என் பாய்லதான் படுத்திருக்கான். ராத்திரிக்கு என்னா கொறட்டை. அதையும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல." அந்த அம்மா, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று மட்டும் கேட்டாளாம்.

அதன் பிறகு அவன் எனக்கு வீடியோவில் எடுத்தான். "மச்சாங், பயப்படாத. மாமா வேல நான் பாக்குறேன். ஆனா வேட்டி கட்டத் தெரியாது. சாரம்னா மூட்டியிருக்கும். இது என்னடா ஆத்து மாதிரி போய்க்கிட்டே இருக்கு." பெட்டியில் கிடந்த அத்தானின் பழைய வேட்டியைக் கையில் வைத்திருந்தான். நான் சூட்கேசிலிருந்த என் பட்டு வேட்டியை எடுத்து, கனடாவின் குளிர்காலத்தில், கம்பளிக் காற்சட்டைக்கு மேலே கட்டிக் காட்டினேன். நான் ஒரு சுற்றுச் சுற்ற, அவன் அங்கே ஒரு சுற்றுச் சுற்றினான். நான் இடது பக்கம் சொருகியதை அவன் கண்ணாடி பார்ப்பதுபோல வலது பக்கம் சொருகினான். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவன் நடந்து காட்டினான். எனக்கு என்னவோ செய்தது. எனக்காகத் தைத்த சட்டையை இன்னொருவன் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

விடியற்காலை முகூர்த்தம், இங்கே அது முதல்நாள் மாலை. பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று யாத்விகா தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நத்தாருக்குக்கூடப் போடாத முத்துமாலை போட்டிருந்தார். நான் வேட்டியோடு மாரெக்கின் நாற்காலியில் உட்கார்ந்தேன். டேப்லெட் உப்புப் போத்தலில் சாய்ந்திருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே மழை. ஆகவே வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போட்டிருந்த மணவறையை அக்காவின் முன்காம்பராவுக்குள் மாற்றிவிட்டார்கள். பூசாரி கயிற்றுக்கு வெளியே, பாதையில் குடை பிடித்துக்கொண்டு, கோயில் மைக்கில் மந்திரம் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அவருக்குப் பக்கத்தில், அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் எடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தும், நாள் முடியாமல் கயிறு அவிழாது. தொலைபேசியை எங்கே வைத்தால் தம்பிக்கு எல்லாம் தெரியும் என்று அக்கா பார்த்துப் பார்த்து, கடைசியில் ராணியக்கா பக்கத்து அந்தச் சுவரின் தலையில், தகரத்துக்கு அடியில் வைத்தாள். எனக்கு முன்னால் மணவறை. எனக்குப் பின்னால், நான் பார்க்க முடியாத பக்கத்தில், ராணியக்கா கல்யாணச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். மகன் நாளை வருகிறான் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

உள்காம்பராவிலிருந்து யசோ வந்தாள். சோமே அவள் கழுத்தில் மாலையைப் போட்டான். பிறகு அவள் கையைப் பிடித்தான். நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சோமே, அந்த வாசப்படி ஒசரம். புள்ளைக்குத் தட்டும். கவனம்."

சோமே நிமிரவில்லை. யசோவின் காலடியையே பார்த்துக்கொண்டு நடந்தான். "அந்தப் படிய ஒடச்சி சமமாக்கி வருசமாச்சு மச்சாங்," என்றான் மெதுவாக.

திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் உண்டு. அதில் நம் முகமே தெரியும். கழுத்தை நீட்டிக்கொண்டு, சிரித்தபடி, இன்னொருவனையும் அவன் நிற்கும் இடத்தையும் மாறி மாறி அளந்துகொண்டிருந்த ஒரு ஆள் அதில் இருந்தான். அந்தப் பார்வையை நான் ஒரு மாதத்துக்கு முன், இதே திரையில், சூப் குடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தேன். அது லேசாக ஆடியது.

தாலி ஏறியது. வெளியே தப்பு அடித்தார்கள். மழையில் தோல் நனைந்து சத்தம் பொத்தென்றிருந்தது. யாத்விகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பது உன் சகோதரனா என்று கேட்டார். இல்லை, அவன் வேறு மதம், வேறு மொழி, அது ஒரு நீண்ட கதை என்று தொடங்கலாம். எங்கள் ஆங்கிலம் அவ்வளவு தூரம் நடக்காது. ஆமாம் என்றேன். முகச்சாயல் இருக்கிறது என்றார் அவர்.

கும்பிட வேண்டியவர்களை எல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் கும்பிட்டார்கள். சோமேயின் காலில் விழுந்தார்கள். அவன் கூச்சத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிறகு நிமிர்ந்து சுவருக்கு மேலே பார்த்தும் கும்பிட்டார்கள். நான் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்திய நேரத்தில் படம் உறைந்து, திரும்பி வந்தபோது எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கல்யாண அமளியில் யாரும் தொலைபேசியை நினைக்கவில்லை. இணைப்பைத் துண்டிக்க எனக்கும் மனமில்லை. வெறும் மணவறையைப் பார்த்துக்கொண்டு, பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தச் சுவரின் தலையில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கத்துக் காம்பராவிலும் இல்லை, அந்தப் பக்கத்துக் காம்பராவிலும் இல்லை. அடுப்புப் புகை என்னைக் கடந்து போனது.

யாத்விகா மேசைக்குச் சாப்பாடு எடுத்து வைக்கத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து, "பவளம், இந்தா, புடி," என்று ராணியக்காவின் குரல் கேட்டது. வளையல் போட்ட கை என் காதோரமாக வந்தது. சோற்றுக் கிண்ணத்தின் அடிப்பாகம் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நின்றது. ஆவியில் தொலைபேசிக் கமெராவின் கண்ணாடி மங்கியது. வாங்க அந்தப் பக்கம் யாரும் இல்லைபோல; கிண்ணம் கொஞ்சநேரம் அப்படியே நின்றது.

மேசைக்கு மேலால் நான் இரண்டு கையையும் நீட்டியிருந்தேன்.